பாட்டில் இல்லாத பால் விகுதி

மலர்க் குழு நண்பர்கள் இந்த ஆண்டு, தமிழ்ப் பாடல்களில் காதல் என்ற பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, ஆள் தெரியாமல் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் தமிழாசிரியன் அல்ல. 1974-இல் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டில்லி வந்து, மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு புரட்டி ஓய்வு பெற்றவன். படித்த இலக்கணம் கும்பகோணத்தில் பி.யு.சி.யோடு நின்றது. மீதி எல்லாம் பாட்டியிடம் கேட்ட பாசுரங்களும், வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டுகளும், ஆர்.கே. புரம் மலை மந்திர் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்ட சொற்பொழிவுகளும்தான்.

ஆனாலும் எழுதச் சம்மதித்தேன். காதல் பாட்டைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று எனக்கு ஓர் இலக்கணப் பாடம் எடுத்தது. அதை நான் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. தாமதமாகக் கற்ற மாணவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் அனுமதி கேட்டேன். ‘பேர் மட்டும் வேண்டாம் பெரியப்பா, மத்ததை எழுதுங்க’ என்று சொல்லிவிட்டாள்.

ஹிந்தியில் மாட்டிக்கொண்ட குழந்தை

என் தம்பியின் பிள்ளை டில்லியிலேயே பிறந்து வளர்ந்தது. பள்ளியில் ஹிந்தி, தெருவில் ஹிந்தி, பால்காரரிடமும் ஹிந்தி. இந்த ஊரில் தமிழ்க் குழந்தைகள் ஐந்தாறு வயதுக்கு மேல் வீட்டுக்குள்ளும் ஹிந்தி பேசத் தொடங்கிவிடும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தப் பிள்ளை மட்டும் நேர்மாறு. வீட்டில் ஹிந்தி பேசவே பேசாது. தமிழ் நண்பர்களிடமும் தமிழ்தான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. விழாக்களில் கூட்டி வைத்துக்கொண்டு, ‘பாருங்கள், தலைநகரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை’ என்று நானே பலரிடம் அளந்திருக்கிறேன்.

அது தமிழ்ப்பற்று மட்டும் அல்ல என்று பின்னால்தான் தெரிந்தது. ஆண் பிள்ளையாக வளர்ந்த அந்தப் பிள்ளை இருபத்திரண்டாம் வயதில், தான் ஒரு பெண் என்று வீட்டில் சொன்னாள். வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. எல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு, ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: ‘ஹிந்தில வாயத் திறந்தாலே மாட்டிப்பேன் பெரியப்பா. ஜாதா ஹூன்னு சொல்லணும், இல்லேன்னா ஜாதீ ஹூன்னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும் நான் யாருன்னு கேட்டுக்கிட்டே இருக்கும் அந்த பாஷை. தமிழ்ல போறேன்னு சொன்னாப் போதும். யாரும் கண்டுபிடிக்க முடியாது.’

நான் அசந்து போனேன். ஐம்பது வருஷம் இரண்டு மொழியும் பேசியவன் நான். இதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

விஷயம் எளிது. தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது. ‘வந்தேன்’ என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ‘வந்தாய்’ என்று யாரைப் பார்த்தும் சொல்லலாம். படர்க்கையில்தான் வந்தான், வந்தாள், வந்தது என்று வினை பிரிகிறது. ஹிந்தியிலோ ‘நான்’ என்று தொடங்கும் சாதாரண வாக்கியத்திலேயே பேசுபவர் ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தச் சின்ன இலக்கண வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் காதல் பாட்டுகளைப் பார்த்தால், இதுவரை கண்ணில் படாத பல விஷயங்கள் படுகின்றன. காதல் பாட்டு ‘நான்’, ‘நீ’ என்ற இரண்டு சொற்களால் ஆனது. தமிழில் அந்த இரண்டுமே யாரையும் நீ ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அப்படியானால் பாட்டுக்குள் பால் எப்படி நுழைகிறது? யார் வாய் வழியாக நுழைகிறது? இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

பெயர் சொல்லாத காதல்

அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அங்கே இருப்பவர்கள் தலைவன், தலைவி, தோழி, செவிலி முதலானோர்தான். ஊரும் பேரும் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் போய் நிற்கலாம்.

போய் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டுகள் தலைவியும் தோழியும் பேசுவதாக அமைந்தவை. பாடிய புலவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பெண்ணாக நின்று பாடினார்கள், சரி. கபிலரும் பரணரும் தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடும்போது நமக்கு உறுத்துகிறதா? இல்லை. பாட்டைப் படிக்கும்போது புலவர் மறைந்து, கை வளை கழன்று விழும் ஒரு பெண்தான் தெரிகிறாள். கீழே ‘தலைவி கூற்று’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அவ்வளவுதான், நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இதைப் புலவரின் திறமை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்பவரின் திறமையும் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்னொருவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ, அவராகவே அவரை ஏற்றுக்கொண்டு கேட்கும் பழக்கம் அது. இரண்டாயிரம் வருஷமாக நமக்கு அது உண்டு.

ஆழ்வாருக்கு ஒரு தாய் எதற்கு?

இந்தப் பழக்கம் பக்திப் பாட்டில் உச்சிக்குப் போகிறது. நம்மாழ்வார் பெண்ணாகும்போது பராங்குச நாயகி, திருமங்கையாழ்வார் பெண்ணாகும்போது பரகால நாயகி என்று தனிப் பெயர்களே உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் தோழிமாரை எழுப்பும் பெண்ணாகிறார். திருப்பொற்சுண்ணத்தில் உலக்கை பிடித்து இடிக்கிறார், திருப்பொன்னூசலில் ஊஞ்சல் ஆட்டுகிறார். நம் காலத்துக்கு வந்தால், பாரதி கண்ணன் பாட்டில் கண்ணனைக் காதலனாக வைத்துப் பெண்ணாகப் பாடுகிறார். சில பக்கம் தள்ளி அதே கண்ணனைக் கண்ணம்மாவாக்கி ஆணாகப் பாடுகிறார். ஒரே நூலில், ஒரே காதலில், பாடுபவரும் மாறுகிறார், பாடப்படுபவரும் மாறுகிறார்.

திருவாய்மொழியில் மட்டும் இருபத்தேழு பதிகங்கள் இப்படிப் பெண் பேச்சாக அமைந்தவை என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். மகள் பேசுவது பதினேழு, தாய் பேசுவது ஏழு, தோழி பேசுவது மூன்று. அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் தம் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதற்குக் காரணமும் சொல்கிறார். ஞானத்தில் நிற்கும்போது ஆழ்வார் தாமாகவே பேசுகிறார், காதல் மிகும்போது பெண்ணாகிப் பேசுகிறார் என்பது அதன் கருத்து.

எனக்கு வெகு நாள் ஒரு சந்தேகம் இருந்தது. மகள் பேசுவது புரிகிறது. நாயகியே தன் ஏக்கத்தைச் சொல்கிறாள். நடுவில் தாய்க்கும் தோழிக்கும் என்ன வேலை? அகத்திணை மரபைப் பின்பற்றுகிறார் என்பது உரைகாரர் வழியில் சரியான விடை. என் தம்பி பிள்ளையின் இலக்கணப் பாடத்துக்குப் பிறகு இன்னொரு விடையும் தோன்றுகிறது.

ஏழாம் பத்தில் திருவரங்கத்துப் பெருமாளைப் பார்த்து ஒரு தாய் முறையிடும் பதிகம் ஒன்று உண்டு. என் பெண்ணுக்கு இரவும் பகலும் தூக்கம் இல்லை, கண்ணீரைக் கையால் இறைக்கிறாள், சங்கு என்கிறாள், சக்கரம் என்கிறாள், கை கூப்புகிறாள், இவள் விஷயத்தில் நீ என்ன செய்வதாக இருக்கிறாய் என்று கேட்கிறாள் தாய். பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு விதமாக அதே கேள்வி. அதில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘இவள்’.

யோசித்துப் பாருங்கள். ஆழ்வார் ‘நான்’ என்று எத்தனை தரம் பாடினாலும், தமிழ் இலக்கணப்படி அந்த ‘நான்’ பெண்ணாகாது, ஆணாகவும் ஆகாது. தோழியை விளிக்கலாம், வளையைச் சொல்லலாம், பசலையைச் சொல்லலாம். அவை எல்லாம் குறிப்புகள்தான். ‘அவள்’ என்ற சொல்லைத் தமிழில் யாரும் தனக்குத்தானே சூட்டிக்கொள்ள முடியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். பெற்ற தாய் வாயால் ‘இவள்’ என்று வந்துவிட்டால் அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? ஆழ்வார் தாய்ப் பாசுரம் பாடியதற்கு இதுவும் ஒரு பயன் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை ஒரு புலவர் நண்பரிடம் சொன்னேன். கோபித்துக்கொண்டார். ‘நாயகி பாவம் வேறு, நீங்கள் சொல்லும் திருநங்கை விஷயம் வேறு. ஜீவாத்மாக்கள் எல்லாமே பெண், பரமாத்மா ஒருவனே புருஷன் என்ற தத்துவம் அது. போட்டுக் குழப்பாதீர்கள்’ என்றார்.

அவர் சொன்னது சரி. ஆழ்வாரைத் திருநங்கை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நான் பேசுவது ஆழ்வாரைப் பற்றி அல்ல, கேட்டுக்கொண்டிருந்த நம்மைப் பற்றி. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் திருவரங்கத்தில் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில், நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளும்போது, கூட்டம் கண்ணீர் விட்டுச் சேவிக்கிறது. அதே மோகினி கதையை வைத்துக்கொண்டு கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். அங்கே வேடிக்கை பார்க்கப் போகிற கூட்டமும் நம் கூட்டம்தான். ஒரே கதை. இரண்டு இடத்திலும் கண் ஒன்றுதான், பார்வைதான் வேறு.

நிஜாமுதீனில் ஒரு வியாழக்கிழமை

இது தமிழருக்கு மட்டும் வாய்த்த சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. நாம் குடியிருக்கும் இந்த ஊரிலேயே அது உண்டு. ஹஜ்ரத் நிஜாமுதீன் தர்காவில் வியாழக்கிழமை மாலையில் கவ்வாலி கேட்டவர்களுக்குத் தெரியும். அமீர் குஸ்ரோ (1253–1325) தம் குரு நிஜாமுதீன் அவுலியாவைப் பற்றிப் பாடியதாக வழங்கும் ஹிந்தவிப் பாடல்களில் பாடுகிறவர் மணப்பெண்ணாகவே பேசுகிறார். மகான் மறைந்த நாளைக் கொண்டாடும் உர்ஸ் என்ற சொல்லுக்கே கல்யாணம் என்றுதான் பொருள்.

ஒரு வியாழக்கிழமை தம்பி பிள்ளையையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நரைத்த மீசையோடு ஒரு பெரியவர், அடித்தொண்டையில் அந்தப் பாட்டைப் பாடினார். ஹிந்தி ஆயிற்றே, பெண்பால் வடிவங்கள் காதில் தெளிவாகவே விழுந்தன. நம் பாட்டில் ஒளிந்து நிற்கிற விஷயம் அங்கே வெளிப்படையாக நிற்கிறது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நோட்டை எடுத்துப் போட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: ‘அவரை மட்டும் ஏன்னு யாருமே கேக்கலை பாத்தீங்களா, பெரியப்பா.’

நான் பதில் சொல்லவில்லை. அப்போது என்னிடம் பதிலும் இல்லை.

‘ஆ’, ‘பெ’

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் நினைவிருக்கிறதா? கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்பார்கள். மட்டரகக் காகிதம், முன்னால் கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. டூயட் பாட்டு என்றால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘ஆ’ என்றும் ‘பெ’ என்றும் போட்டிருப்பார்கள். என்னிடம் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.

ஒரு மழை நாளில் நானும் அவளும் ஒரு விளையாட்டு விளையாடினோம். அந்த ‘ஆ’, ‘பெ’ இரண்டையும் தபால் அட்டையால் மறைத்துக்கொண்டு, இது யார் வரி என்று கண்டுபிடிக்க வேண்டும். சுலபம் என்று நினைத்தேன். வரிக்கு வரி தோற்றேன். உன்னை நினைத்தேன், நீ வந்தாய், என்னை மறந்தேன் என்ற மாதிரி போகிற வரிகளில் யார் பாடினால் என்ன? அன்பே, உயிரே என்ற விளிகளுக்கும் பால் இல்லை. மச்சானோ அத்தானோ மாமாவோ, கண்ணேயோ மானேயோ தேனேயோ வந்தால்தான் பிடி கிடைக்கிறது. தமிழ்க் காதல் பாட்டில் பால் என்பது வினைச்சொல்லில் இல்லை. கூப்பிடும் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் பாட்டு எல்லோருக்கும் பொது.

நம் சினிமா தொடக்கத்தில் இதில் தாராளமாகவே இருந்தது. நாடக மேடையில் ஸ்திரீ பார்ட் போட்ட ஆண்கள் இருந்த காலம் அது. டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து ‘ஔவை’ சண்முகம் என்றே பெயர் பெற்றார். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக வந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. என் பாட்டி அந்த நாரதரைப் பற்றிப் பேசும்போது ‘நாரதர் வந்தார், பாடினார்’ என்றுதான் சொல்வாள்.

பிறகு எங்கேயோ இந்தத் தாராளம் சுருங்கியது. நான் பார்த்த எத்தனையோ படங்களில் திருநங்கைகள் பாட்டு நடுவே கும்பலாக வந்து கை தட்டிவிட்டு, நாயகனைச் சீண்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பாட்டுகளில் அவர்களுக்கு ‘நான்’ கிடையாது. அவர்களைப் பற்றி மற்றவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். 1995-இல் வந்த ‘பம்பாய்’ படத்தில் கலவரத்தில் தொலைந்த குழந்தைக்கு ஒரு திருநங்கை அடைக்கலம் தருவார். படத்தின் மிகக் கனிவான பாத்திரங்களில் ஒன்று. அந்தப் படத்தின் பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. அந்தப் பாத்திரத்துக்கென்று ஒரு பாட்டு இல்லை.

2011-இல் வந்த ‘நர்த்தகி’யில் கல்கி சுப்ரமணியம் என்ற திருநங்கையே கதாநாயகியானார். 2019-இல் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி ஏற்ற ஷில்பா பாத்திரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. 2021-இல் மதன் கார்க்கி எழுதி, கோவிந்த் வசந்தா இசையமைத்த ‘மகிழினி’ என்ற தனிப்பாடல் வந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதைக் காட்டும் பாட்டு. சினிமாவை விட்டுத் தனியாக வந்த பாட்டு என்பதும் கவனிக்க வேண்டியது. படத்துக்குள் இடம் கிடைக்காத காதல் தனிப்பாட்டில் இடம் தேடிக்கொள்கிறது.

இவற்றில் குறை சொல்லவும் இருக்கிறது. திருநங்கை பாத்திரத்துக்குப் பரிதாபம் கிடைக்கிற அளவு காதல் கிடைப்பதில்லை. அவர் அடிபடும் காட்சி நமக்குத் தெரியும். அவர் ஒரு மாலைப்பொழுதில் யாருக்காகவோ காத்திருந்து பாடும் பாட்டு எத்தனை பேருக்குத் தெரியும்? இரங்குவது ஏற்றுக்கொள்வது ஆகாது. காதல் பாட்டுப் பாட உரிமை தருவதுதான் ஏற்றுக்கொள்வது.

நன்னூலார் சொன்ன இரண்டு பேச்சு

இனி படர்க்கைக்கு வருகிறேன். முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பிரச்சினையைத் தொட்டுவிடுகிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயரும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் தமக்கென்று தனி விகுதி இல்லாதவை, உயர்திணைக்கு உள்ள விகுதிகளையே கொள்ளும் என்கிறார். தெய்வத்தையும் அவர்களையும் ஒரே நூற்பாவில் பக்கத்தில் வைத்திருக்கிறார் பாருங்கள். உயர்திணை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவர் பெண்பால் என்று விதி செய்கிறார். அதாவது பிறப்பை வைத்து அல்ல, விருப்பத்தை வைத்துப் பால். 2014 ஏப்ரல் 15 அன்று நம் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தபோது நாடே வியந்தது. நன்னூல் படித்தவன் ஓரளவு முன்னாலேயே கேட்ட பேச்சு அது.

ஆனால் அதே நூற்பா அங்கே முடியவில்லை. அடுத்த அடியில், இந்த இருவகையாரும் அஃறிணை போலவும் வருவர் என்று சேர்த்துவிடுகிறார். ‘அவள்’ என்று சொல்லலாம், ‘அது’ என்றும் சொல்லலாம் என்பது போல. நம் தெரு இதில் முதல் பாதியை மறந்துவிட்டது, இரண்டாம் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மனிதப் பிறவியைப் பார்த்து ‘அது போவுது பார்’ என்கிறோமே, அந்த ‘அது’.

சட்டம் தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கிறது. திருநங்கை என்ற மரியாதையான சொல் தமிழ்நாட்டில் அரசு வழக்காயிற்று. 2008-இல் அங்கே நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 2018-இல் 377-ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு வந்தது. இவை பெரிய விஷயங்கள். ஆனால் வீட்டுக் கூடத்தில் ஒருவரை ‘அவள்’ என்று சொல்வதற்கு எந்த அரசாணையும் போட முடியாது. அது நம் வாயில் இருக்கிறது.

என் பங்கு

இனி எழுதப் போவது எனக்குக் கூச்சம் தருவது.

2007-இல், பன்னிரண்டு வயதில், அந்தப் பிள்ளை ஓர் ஒப்பித்தல் போட்டியில் மேலே சொன்ன தாய்ப் பதிகத்தைப் பாடியது. பாட்டி சொல்லிக் கொடுத்த ராகம். பதினொரு பாட்டும் பிசிறில்லாமல். அரங்கத்தில் கைதட்டல் நிற்கவில்லை. ஒரு பெரியவர் மேடை ஏறி, ‘ஆழ்வாரே வந்த மாதிரி இருக்கு’ என்று அணைத்துக்கொண்டார். முதல் பரிசு, ஒரு வெள்ளி விளக்கு.

2019 மார்கழியில் வேறொரு விழாவுக்கு, அதே பதிகத்தைப் பாடுவதாக அவள் பெயர் கொடுத்தாள். இப்போது புடவை, பின்னல், அவள் தானே வைத்துக்கொண்ட பெயர். விழாக் குழுவில் பேச்சு வந்தது. ‘குடும்பத்தோட வர்ற இடம். குழந்தைங்க கேள்வி கேக்கும். நாம எதுக்கு…’ என்று ஒருவர் இழுத்தார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது. அந்தக் குழுவில் நானும் ஒருவன். நான் தலையை ஆட்டவில்லை. வாயையும் திறக்கவில்லை. கையில் இருந்த காபியைக் குடித்து முடித்தேன்.

ஆண் பிள்ளை பெண் குரலில் பாடியபோது ஆழ்வார் வந்தார். பெண் பாடுகிறேன் என்று வந்தபோது குடும்பத்தோடு வருகிறவர்கள் வந்துவிட்டார்கள். பாட்டு அதுதான், தொண்டை அதுதான். மேடையில் பத்து நிமிஷம் பெண்ணாக இருந்துவிட்டு இறங்கி ஆணாகிவிடுகிறவரைக் கொண்டாடுவோம். இறங்கிய பிறகும் பெண்ணாகவே இருப்பவரை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை.

அதே 2019-ஆம் ஆண்டில்தான், மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்ற திருநங்கை நர்த்தகி நடராஜுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட துறை எது தெரியுமா? நாயகி பாவம். மேடையில் இருக்கும் நாயகிக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் நடுவே நாம் கட்டி வைத்த சுவரை அவர் ஆடியே தாண்டிவிட்டார். ஜனவரியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாலு பேருக்குத் தொலைபேசி செய்து மகிழ்ந்தவன் நான். டிசம்பரில் காபி குடித்தவனும் நான்தான்.

‘வாடி’

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு ஆறு மாதம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தாள். என் மனைவி கதவைத் திறந்தாள். தமிழில் ‘நீ’க்குப் பால் இல்லை என்று மேலே பெரிதாக எழுதினேன். பேச்சுத் தமிழில் ஒரு விதிவிலக்கு உண்டு. ‘வாடா’ என்பதும் ‘வாடி’ என்பதும் ஒன்றல்ல. இருபத்து நாலு வருஷம் ‘வாடா கண்ணா’ என்று கூப்பிட்ட வாய் அது. என் மனைவி ஒரு விநாடி நின்றாள். பிறகு ‘வாடி, உள்ள வா, தோசைக்கு ஊத்தப் போறேன்’ என்றாள். அவ்வளவுதான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதாள்.

எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. முதலில் ‘அவர்’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். மரியாதைச் சொல், பாலும் தெரியாது. ‘என்னை ஏன் பெரியப்பா கவர்ன்மென்ட் லெட்டர் மாதிரி கூப்பிடறீங்க?’ என்று கேட்டுவிட்டாள். இப்போது அவள் என்றே வருகிறது. என் தம்பி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அவன் கண்டுபிடித்திருக்கும் வழி ‘பிள்ளை’. ‘பிள்ளை சாப்பிட்டாச்சா?’, ‘பிள்ளை ஆபீஸ் போயாச்சா?’ என்று கேட்கிறான். வினைச்சொல்லில் பால் வராமல் ஒரு தகப்பன் எவ்வளவு கவனமாக வாக்கியம் கட்டுகிறான் என்று பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவனும் தமிழுக்குள் ஓர் இடம் தேடுகிறான்.

போன மார்கழியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் அந்தப் பதிகத்தைப் பாடினாள். கேட்டவர்கள் ஒன்பது பேர். தம்பியும் வந்திருந்தான். தாய் ‘இவள்’, ‘இவள்’ என்று முறையிடும் ஒவ்வோர் இடத்திலும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். முடிந்ததும், ‘பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கு, பால்ல மிளகு போட்டுக் குடு’ என்று என் மனைவியிடம் சொன்னான்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. நம் சங்கப் போட்டிகளின் விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு அடுத்து ‘ஆண் / பெண்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாட்டுப் போட்டிக்கு அது எதற்கு? பெயர், வயது, பாடப் போகும் பாட்டு, இந்த மூன்றும் போதாதா? வரும் ஆண்டு அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று பொதுக்குழுவில் நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இந்த முறை காபி வந்தாலும் கையில் வாங்க மாட்டேன்.